பார்க்காத வீட்டுக்கு அறிக்கை எழுதச் சொல்கிறார்கள்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 26. திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த முறையில் சமூகப் பணியாளராக இருக்கிறார். மாதம் 18,536 ரூபாய் தொகுப்பூதியம். சேர்ந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டேன். ஒன்பது பக்கக் கடிதத்தின் சாரம் இது:

அந்த அலகில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும். இன்னொருவர் எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடம் இன்னும் காலி. ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பணியிடமும் காலி. புறத்தொடர்புப் பணியாளர் இருவரில் ஒருவர்தான் இருக்கிறார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்த வாசகியைப் புதன்கிழமையே ஒரு வீட்டு விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்று கிடைத்தது ஜூமில் ஒரே ஒரு நாள். அதுவும் கணினியில் விவரம் ஏற்றுவது எப்படி என்பதற்கு.

கடந்த மாசியில், அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை அடைத்துக் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியோடு (ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகிறவர்) 12 வயதுப் பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். யாரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல, அவனை மீட்டார்கள். இப்படி மீட்கப்படும் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு, வீட்டு நிலையைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை கேட்டது. பையனின் வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். "போன்ல பேசிட்டு எழுதிடும்மா" என்றார் மேலதிகாரி. வாசகி அவனுடைய அம்மாவிடம் இருபது நிமிடம் போனில் பேசினார். நேரில் பார்வையிட்ட நாள் எழுத வேண்டிய இடத்தில் ஒரு தேதியைப் போட்டார். பையனைப் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் போன் செய்தார்: "அவன் வரவே இல்லையேம்மா. மறுபடியும் கிடைக்குப் போயிட்டான்னு சொல்றாங்க." அன்றிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை.

கஷ்டப்படும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை தருவதை முடிவு செய்யும் நிதி ஆதரவு ஒப்புதல் குழு அடுத்த வாரம் கூடுகிறது. பதினோரு குடும்பங்களுக்கு வீட்டு விசாரணை அறிக்கை தயாராகிவிட்டது. ஒரு வீட்டுக்கும் யாரும் போகவில்லை. வாசகியைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார்கள்.

வேலையை விட்டுவிடட்டுமா? 480 நாள் முடிந்தால் நிரந்தரம் என்கிறார்களே, பொறுத்துக்கொள்ளட்டுமா? அந்த மாசி மாத அறிக்கைக்காக என் மேல் வழக்கு வருமா? எனக்கு இந்த வேலையை யார் கற்றுத் தருவார்கள்? இந்த நான்கும் அவருடைய கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

நான் இன்று வழக்கறிஞர். அதற்கு முன்னால் நீங்கள் செய்யும் வேலையைத்தான் செய்தேன். சுனாமிக்கு மறு வருடம், 2005-ல், நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போனேன். எனக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பவில்லை. கையில் ஒரு படிவக் கட்டைக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதனால் உங்கள் கடிதம் எனக்குப் புதிய கதை இல்லை. நீங்கள் எழுதாமல் விட்ட சில இரவுகளும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் பையன்

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. நான்கில் ஒன்றுகூட அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதைப் பற்றியது இல்லை. உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி அப்படித்தான் செய்யும். நாம் செய்த தவறையே திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும், பிள்ளையைப் பார்க்க விடாது.

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. போனில் அந்த அம்மா, "வாங்கின பணத்தை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னுதான் தெரியல" என்றார் என எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அறிக்கையிலும் அந்த வரி இல்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்கிறீர்கள். தங்கையே, அந்த வழக்கின் முக்கியமான வரியே அதுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் அது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதே இல்லை. அது தெரியாத குடும்பம் பணத்தைக் கொடுக்க வழியில்லாமல் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு நாள் ஒழுங்கான பயிற்சி இருந்திருந்தால் அந்த வரி உங்கள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். பயிற்சிக் குறைவு என்று பொதுவாகப் பேசுகிறோமே, அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். மேட்டூர் திறந்து, குறுவைக்கு வயலில் தண்ணீர் ஏறிவிட்டால் நம் பக்கம் கிடை போட இடம் இருக்காது. கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு தெற்கே, இராமநாதபுரம், சிவகங்கை பக்கம் போயிருப்பார்கள். பையன் இந்நேரம் உங்கள் மாவட்டத்திலேயே இல்லாமல் இருக்கலாம். அதனால் நாளைக்கே குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். தலைமையாசிரியர் சொன்னது, அம்மா பணத்தைப் பற்றிச் சொன்னது, கிடை எந்தப் பக்கம் போயிருக்கக்கூடும் என்பது, மூன்றையும் எழுதுங்கள். யாரும் புகார் தராவிட்டாலும் தானாகவே எடுத்து விசாரிக்கும் அதிகாரம் குழுவுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்து மாவட்டக் குழுவுக்கும் அவர்களால் எழுத முடியும். அப்படியே வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஒரு மனு போக வேண்டும். கொத்தடிமை விடுவிப்புச் சான்று அங்கிருந்துதான் கிடைக்கும். அது கிடைத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. அதைவிட முக்கியம், அந்த அம்மாவுக்குக் கடன் பயம் போகும். பிள்ளையைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லிப் பேசுங்கள்.

நீங்கள் போட்ட அந்தத் தேதி

வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 100-வது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்பவர்கள் மேல் வழக்குத் தொடர முடியாது என்கிறது. நீங்கள் நேரில் போய், பார்த்து, கேட்டு, குடும்பம் நன்றாக வைத்துக்கொள்ளும் என்று நம்பி எழுதி, அது தவறிப்போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு முழுதாக உண்டு. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நம் கணிப்பு பொய்த்துப்போவது உண்டு. போகாத நாளைப் போன நாளாக எழுதினால் அது நல்லெண்ணத்தில் சேராது. மேலதிகாரி சொன்னார் என்பது உங்கள் நிலையை விளக்கும். கையெழுத்து உங்களுடையது என்பதை அது மாற்றாது.

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம். ஒருவேளை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் பையன் மறுபடி மீட்கப்படும்போதோ, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டாலோ, முதலில் எடுக்கும் கோப்பு அதுதான். அன்றைக்கு உங்கள் பயண நாட்குறிப்பையும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது வழி, நீங்களே ஒரு கூடுதல் அறிக்கை கொடுப்பது. "மேற்படி விசாரணை தொலைபேசி வழியாக நடத்தப்பட்டது, நேரில் பார்வையிடவில்லை, படிவத்தில் உள்ள தேதி தவறு" என்று மூன்று வரி போதும். மேலதிகாரியைப் பற்றி அதில் குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டாம். இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குறிப்பாணை (மெமோ) வரலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் இதைச் சாக்காக வைக்கலாம். ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். தவறைத் தானே முன்வந்து திருத்தியவரைப் பார்க்கும் பார்வை வேறு, மாட்டிக்கொண்டவரைப் பார்க்கும் பார்வை வேறு. நீதிமன்றத்தில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் நம்பிக்கையான ஒரு வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளுக்குள் அறிக்கை கொடுக்காவிட்டால் உங்களுக்குத் தண்டனை என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். 36-வது பிரிவில் பதினைந்து நாள் என்று இருப்பது உண்மை. குழு நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும், அதற்கு வசதியாக வைத்த கெடு அது. விசாரணையைச் சமூகப் பணியாளர்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை; குழந்தைகள் நல அலுவலரையோ குழந்தைகள் நல காவல் அலுவலரையோ குழு அனுப்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. "என்னால் இந்த நாளுக்குள் போக முடியாது, வேறு ஒருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று குழுவுக்கு எழுத உங்களுக்கு வழி இருந்தது. அந்த வழி இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

பதினோரு அறிக்கைகள்

பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் மறுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் அந்தக் குடும்பங்களுக்கு. மாதம் 4,000 ரூபாய் என்பது கணவனை இழந்து, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குச் சின்னப் பணம் இல்லை. ஒரு கூட்டம் தவறினால் அடுத்த கூட்டம் எப்போது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் மறுப்பதோடு சேர்த்து ஒரு திட்டத்தையும் கையில் கொண்டுபோங்கள். பதினோரு ஊரையும் ஒரு தாளில் எழுதி, எந்தெந்த ஊர் ஒரே பஸ் தடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு முடியும். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு நாள் முழுக்க வெளியில் விட்டால் ஆறு வீடு ஆகும். மீதி ஐந்துக்கு, வருமானச் சான்று, இறப்புச் சான்று போன்ற ஆவணங்களை மட்டும் இப்போதே வைத்து, "நேரடி விசாரணை இன்ன தேதிக்குள் முடிக்கப்படும்" என்று குறிப்பு எழுதுங்கள். நிபந்தனையோடு ஒப்புதல் தருவதா, தள்ளிவைப்பதா என்பதைக் குழு முடிவு செய்யட்டும். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, உங்கள் பேனா எடுக்க வேண்டியது இல்லை.

போனில் பேசினால் போனில் பேசியது என்று எழுதுங்கள். வீடியோ காலில் பார்த்தால் அப்படியே எழுதுங்கள். அங்கன்வாடிப் பணியாளர் சொன்னால், "அங்கன்வாடிப் பணியாளர் தெரிவித்தபடி" என்று போடுங்கள். கிராமத்தில் ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். பல ஊரில் அது பலகையோடு சரி என்றாலும், உயிரோடு இருக்கும் ஊரில் நன்றாகவே உதவுவார்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுதிவிட்ட அறிக்கை, குறைவாக இருந்தாலும் நேர்மையான அறிக்கை.

காலிப் பணியிடங்களைத் தாளில் ஏற்றுங்கள்

ஒப்பந்தப் பணியாளர் எதையும் எழுத்தில் கேட்கக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை, தங்கையே. பயத்தில் நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் விதி அது.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுதலின்படி ஒரு மாவட்ட அலகுக்குப் பாதுகாப்பு அலுவலர் இரண்டு பேர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், ஆற்றுப்படுத்துநர் ஒருவர், சமூகப் பணியாளர் இரண்டு பேர், புறத்தொடர்புப் பணியாளர் இரண்டு பேர். கணக்காளர், தகவல் பகுப்பாளர் எல்லாம் தனி. ஒரு மாவட்டம் முழுவதற்கும், அத்தனை ஒன்றியத்துக்கும், இரண்டே சமூகப் பணியாளர்கள். எல்லா இடமும் நிரம்பியிருந்தாலே அது மெலிந்த ஏற்பாடு என்பதுதான் என் கருத்து. அதிலும் பாதி காலியாக இருக்கும்போது மூன்று பேர் வேலையை ஒருவர் செய்துவிட முடியும் என்பது போல அலுவலகம் நடந்துகொள்வதும், உங்களைப் போன்றவர்கள் அதைக் காட்டிக்கொடுக்காமல் சமாளிப்பதும் சேர்ந்துதான் அந்தக் காலியிடத்தை மறைத்துவைத்திருக்கிறது. அறிக்கைகள் எல்லாம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தால், ஆள் போதவில்லை என்று மேலே யாருக்குத் தெரியும்?

அதனால் மாதம் ஒரு முறை, ஒரே பக்கத்தில், குரலை உயர்த்தாமல் ஒரு குறிப்பு கொடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் இத்தனை, இருப்பவர் இத்தனை. கையில் உள்ள கோப்பு இத்தனை. இந்த மாதம் நேரில் போன வீடு இத்தனை, போக முடியாதது இத்தனை. காரணம் வாகனம், காரணம் ஆள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பெயருக்கு எழுதி, அலுவலகத் தபாலில் பதிவு செய்து, நகலில் முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். நகலில் எந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கக்கூடாது. 2021-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்த அலகு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் அலுவலர் நல்லவராக இருந்தால் இந்தக் குறிப்பை அவரே ஆட்சியர் ஆய்வுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். அவருக்கும் அது உதவி. 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெகுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காலியிடங்களை நிரப்புவதையும் பயிற்சியையும் தட்டிக்கழிக்க முடியாத கடமையாக வைத்துப் பேசியிருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

480 நாள்

இது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்பது 1981-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது தொழில் நிறுவனங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கானது. ஒரு திட்டத்தின் கீழ், ஆண்டு ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருக்கும் உங்கள் பணிக்கு அதை நம்பி நாள் எண்ண வேண்டாம். வெறுமனே பல காலம் வேலை செய்ததால் மட்டும் அரசுப் பணியில் நிரந்தரம் கேட்க முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பையே காரணம் காட்டிப் பல்லாண்டு உழைத்தவர்களை அநியாயமாக வெளியேற்றக்கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் நிரந்தரப்படுத்த உத்தரவிட்டதும் உண்மைதான். அங்கே இருந்தவர்கள் பத்து, இருபது வருடம் வேலை செய்தவர்கள். உங்கள் ஒரு வருடம் நான்கு மாதத்துக்கு அது இன்றைக்குப் பயன்படாது. இருப்பதா போவதா என்ற முடிவில் இந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

யார் கற்றுத் தருவார்கள்

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்கு அறுபது நாளுக்குள், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டப் பிரிவிலேயே நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் போய் நிற்கிற உங்களுக்கு அப்படிப் பிரிவில் நாள் குறிக்கவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கும் பயிற்சி தருவது அரசின் பொறுப்பு என்று விதிகள் சொல்கின்றன, அவ்வளவுதான். உத்தரவு போடுபவர்கள் நீங்கள் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் போடுகிறார்கள். முதல் பயிற்சி பார்க்கிறவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2005-ல் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். பாட்டி, பத்து வயதுப் பேத்தி. பாட்டி எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. நான் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு எழுந்தேன். என்னோடு வந்திருந்த ஒரு மூத்த அக்கா எழுந்திருக்கவில்லை. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். பேத்திதான் டம்ளரில் கொண்டுவந்தாள். அக்கா டம்ளரை வாங்கும்போது அவள் விரலைப் பார்த்தார். பத்து விரல் நுனியும் வெளுத்து, தோல் உரிந்து, சின்னச் சின்னக் கீறலாக இருந்தது. இறால் உரிக்கிற கை. அக்கா எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "பள்ளிக்கூடப் பையைக் காட்டு பாப்பா, என்ன படிக்கிறேன்னு பாப்போம்" என்றார். பை வரவே இல்லை.

நான் எழுதியிருந்த படிவத்தைத் திரும்பும் வழியில் வண்டியிலேயே கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடத்தில் நான் படித்ததைவிட அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் படித்தது அதிகம். உங்கள் படிப்பு வீண் என்று நினைக்காதீர்கள். படிப்பு காரணத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. கண்ணைப் பழக்குவதற்கு ஒரு மூத்தவர் பக்கத்தில் வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று பார்க்க வேண்டியவையும் உண்டு. வேலை இல்லாத மாதத்தில் கூரையில் புதுக் கீற்று வேய்ந்திருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வயல் காயும் நேரத்தில் பையன்கள் வகுப்பில் குறைந்தால் ஆட்டுக் கிடையையும் வாத்து மேய்ப்பவர்களையும் நினைக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மறுநாளே ஒரு பெண் பிள்ளை "அத்தை வீட்டுக்கு" அனுப்பப்பட்டால் அடுத்த முகூர்த்த நாள் எது என்று காலண்டரைப் பார்க்க வேண்டும். டெல்லியில் அச்சடித்த எந்தக் கையேட்டிலும் இது வராது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். உங்களுக்குப் பின்னால் திங்கட்கிழமை சேரப்போகிற பெண்ணுக்கு அது பயிற்சிப் புத்தகம்.

இப்போதே செய்யக்கூடியவை சில. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் 'சம்வாத்' அமைப்பு குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு இணைய வழியில் பயிற்சி நடத்துகிறது. விண்ணப்பிக்க அலுவலக அனுமதியை எழுத்தில் கேளுங்கள். குழந்தைகள் நலக் குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும். மாதத்தில் இரண்டு அமர்வுக்கு, உங்கள் வழக்கு இல்லாத நாளில், ஓரமாக உட்கார்ந்து கவனிக்க அனுமதி கேளுங்கள். முடிந்துபோன பழைய கோப்புகளில் நல்ல அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் கல்லூரியில் களப்பணியை மேற்பார்த்த ஆசிரியருக்குப் போன் செய்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பக்கத்து மாவட்டச் சமூகப் பணியாளர்களோடு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதில் எந்தப் பிள்ளையின் பெயரும், படமும், ஊரும் வரக்கூடாது. அடையாளத்தை வெளியிடுவது 74-வது பிரிவில் குற்றம்.

விலகுவதா

இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். தூக்கமில்லாமல் எடுக்கும் முடிவு எதுவும் சரியாக இருக்காது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், செலவில்லாமல், தமிழில் பேசலாம். அடுத்தவருக்கு ஆலோசனை சொல்லும் வேலை செய்பவர் தனக்கு ஆலோசனை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

கூடுதல் அறிக்கையைக் கொடுங்கள், பதினோரு அறிக்கை விஷயத்தில் உங்கள் குறிப்பைக் கொடுங்கள், மூன்று மாதம் பாருங்கள். எழுத்தில் கொடுத்த பிறகும் பார்க்காத வீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால், அங்கே இருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 18,536 ரூபாய் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியாது. அதை அம்மா, அப்பாவோடு பேசி முடிவு செய்யுங்கள். அலுவலகத்தில் கொஞ்சமாவது அசைவு தெரிந்தால் இருங்கள். டி.என்.பி.எஸ்.சி. இந்தத் துறைக்கு ஆள் எடுக்கும்போது குழந்தைகள் நலத்தில் வேலை செய்த அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

போவதாக இருந்தால் முறையாகப் போங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நாள் கணக்குப்படி அறிவிப்புக் கொடுத்து, அனுபவச் சான்று வாங்கி, கையில் உள்ள ஒவ்வொரு கோப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பிள்ளையை உடனே போய்ப் பார்க்க வேண்டுமோ அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறியுங்கள். உங்கள் இடத்தில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் இப்படி ஒரு பட்டியல் வைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் முதல் ஆறு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

குழுவுக்கும் கோட்டாட்சியருக்கும் எழுதும் வரைவை, பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கே பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். நாளைக் காலை அலுவலகம் போவதற்கு முன்னால் தலைமையாசிரியருக்குப் போன் செய்து, பையனின் அம்மா இப்போது எந்த நம்பரில் பேசுகிறார், கீதாரி எந்த ஊர்க்காரர் என்று அவருக்குத் தெரியுமா, இந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாசியில் நீங்கள் பேசிய நம்பர் மாறியிருக்கலாம்.